சுவரில் நாற்பது ஒப்பந்தங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பிளஸ் டூ முடிவுகள் வெளியானதிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. கணினித் துறை நிறுவனங்கள் கல்லூரிகளோடும் அரசோடும் சேர்ந்து நடத்தும் பயிற்சிகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் அது. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: மகனைப் பொறியியலில் சேர்ப்பதற்காகக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி வருகிறேன். ஒரு கல்லூரியில் 40 நிறுவனங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருப்பதாகச் சொல்லி, முதல்வர் அறைக்கு வெளியே கைகுலுக்கும் படங்களை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். இதை நம்பிச் சேர்க்கலாமா?
– ஒரு தந்தை, துறையூர்

பதில்: படங்களைப் பார்த்தது போதும், இனி அந்த ஒப்பந்தங்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று பாருங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது, இன்னின்ன காரியங்களைச் சேர்ந்து செய்ய விரும்புகிறோம் என்று இரு தரப்பினரும் எழுதி வைத்துக்கொள்ளும் எண்ணக் குறிப்பு. இத்தனை மாணவர்களுக்கு வேலை தருவோம், இத்தனை மணி நேரம் வகுப்பெடுப்போம், இவ்வளவு செலவு செய்வோம் என்று அதில் உறுதி இருப்பது அரிது. கையெழுத்தாகி மூன்றாண்டுகள் கழிந்து, நிறுவனத்தில் கையெழுத்திட்டவரும் வேறு வேலைக்குப் போய்விட்ட பிறகு, படம் மட்டும் சுவரில் நிற்கும் கல்லூரிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஒரு கல்லூரியில் நிறுவனத்தின் பெயர்ப் பலகையோடு கூடிய லேப் ஒன்றைத் திறந்து காட்டினார்கள். பலகை பளபளவென்று இருந்தது. உள்ளே கீபோர்டுகளின் மேல் போட்டிருந்த பாலித்தீன் உறையைக்கூட யாரும் கழற்றியிருக்கவில்லை.

இந்தக் கூட்டு முயற்சிகள் எல்லாமே ஒரே மாதிரியானவை அல்ல என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. முதல் வகையில் நிறுவனம் பாடப்பொருளையும் மென்பொருளையும் தரும். கற்பிப்பது கல்லூரி ஆசிரியர்தான். 1997-ல் தொடங்கிய சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி இதற்குப் பழைய உதாரணம். கணினிகளை இணைக்கும் கருவிகளான ரௌட்டரும் ஸ்விட்சும் கையில் இல்லாமலேயே திரையில் வலையமைப்பைக் கட்டிப் பழக அவர்கள் தரும் பாக்கெட் டிரேசர் என்ற கருவியைக் கணினி மாணவர்கள் பலர் அறிவார்கள். இன்ஃபோசிஸ் 2004-ல் தொடங்கிய கேம்பஸ் கனெக்ட் இன்னும் ஒரு படி போய், கல்லூரி ஆசிரியர்களுக்கும் பயிற்சி தந்தது. இரண்டாவது வகையில் பாடத்திட்டத்தையே நிறுவனம் சேர்ந்து எழுதுகிறது. கணினி அறிவியலும் வணிக அமைப்புகளும் என்று பொருள்படும் சி.எஸ்.பி.எஸ். என்ற பி.டெக். படிப்பின் பாடத்திட்டம் டி.சி.எஸ். நிறுவனத்தின் முயற்சியில் உருவானது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி உட்படப் பல கல்லூரிகளில் அது நடக்கிறது. நிறுவனம் எழுதிய பாடத்திட்டம் என்பதால் அந்த நிறுவனத்தில் வேலை உறுதி என்று பொருளல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சேர்க்கை நேரத்தில் அப்படித்தான் சிலர் பேசுகிறார்கள். மூன்றாவது வகை, படிப்போடு சம்பளமும் வரும் வகை. அதைப் பற்றிக் கீழே வேறு கடிதங்கள் இருக்கின்றன.

ஆகவே அடுத்த முறை போகும்போது பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். சென்ற செமஸ்டரில் எந்த நிறுவனத்திலிருந்து, இப்போது அங்கே வேலை பார்க்கும் யார், எத்தனை நாள் வந்து மாணவர்களோடு உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். நல்ல கல்லூரியாக இருந்தால் நாளும் துறையும் சொல்வார்கள். அதன் பிறகு வளாகத்துக்கு வெளியே உள்ள டீக்கடையில் மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒத்துப்போனால் சேர்க்கலாம்.

கேள்வி: நான் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டப் பாடம் எங்களுக்குக் கட்டாயம். வீடியோவை ஓடவிட்டு, கடைசியில் கொள்குறி வினாக்களுக்கு விடை தந்தால் முடிந்துவிடுகிறது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீடியோவை ஓடவிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். இதனால் என்ன பயன்?
– ஒரு மாணவி, திருவண்ணாமலை

பதில்: தூங்குகிறவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. அதை உங்கள் வெளிப்படையான கடிதமே சொல்லிவிட்டது.

முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிவைத்த இத்திட்டத்தைத் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துகிறது. தனியாகப் பணம் கட்டிப் படிக்க வசதியில்லாத மாணவருக்கும் நிறுவனங்களின் பாடங்கள், அவர்கள் படிக்கும் கல்லூரியிலேயே, பாடத்திட்டத்தோடு இணைந்து கிடைக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மிகப் பெரிய எண்ணிக்கையிலான மாணவர்களுக்கு ஒரே நேரத்தில் கற்பிக்கப் போகும்போது, பயிற்சி நடத்தும் நிறுவனத்துக்கு எளிதானது வீடியோவும் கொள்குறி வினாவும்தான். கடினமானது, செலவு பிடிப்பது, ஒரு மனிதர் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பார்ப்பது. எது எளிதோ அதுவே நடக்கிறது. இந்தப் பாடங்களில் புராஜெக்ட் என்று ஒரு பகுதி வரும்போது மட்டும் நிலைமை மாறுகிறது, அதனால் நீங்கள் உங்கள் முழு உழைப்பையும் அந்தப் பகுதியில் போடுங்கள்.

ஒரு மாவட்டத் தலைநகரக் கல்லூரியில் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். நான்கு மாணவிகள் சேர்ந்து, மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்யும் இணையதளம் ஒன்றைச் செய்திருந்தார்கள். பார்வைக்கு அழகாக இருந்தது. நிறுவனத்திலிருந்து வந்திருந்த பயிற்றுநர் இருபத்தைந்து வயது இளைஞர். அவர் ஒன்றும் பேசாமல், தொலைபேசி எண் கேட்கும் கட்டத்தில் "அம்மா" என்று தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தினார். "பதிவு வெற்றி" என்று பச்சை எழுத்தில் வந்தது. அடுத்து, இரண்டு மடிக்கணினிகளை அருகருகே வைத்து, ஒரே மருத்துவர், ஒரே நாள், காலை 10 மணி என்று இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார். இரண்டும் வெற்றி. "பத்து மணிக்கு டாக்டர் யாரைப் பார்ப்பார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த குழுவிடம் போய்விட்டார். அன்று மாலை ஆறரை மணி வரை அந்த நான்கு பேரும் லேபை விட்டு எழவில்லை. மருத்துவர், நாள், நேரம் மூன்றும் சேர்ந்து ஒருமுறைக்கு மேல் வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தள அட்டவணையிலேயே வைக்க வேண்டும், திரையில் மட்டும் தடுத்தால் போதாது என்பதை அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். எத்தனை மணி நேர வீடியோ அதைத் தந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கல்லூரிக்கு அப்படி ஒருவர் வராவிட்டால், நீங்கள் நால்வர் சேர்ந்து ஒருவர் செய்ததை மற்றவர் உடைத்துப் பாருங்கள். உடைந்த இடத்தையும் சரிசெய்த விதத்தையும், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் தேதியோடு பதிந்து வையுங்கள். நேர்காணலில் சான்றிதழைக் காட்டினால் தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். இதைக் காட்டினால் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றாலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி: மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். டெக்பீ என்ற திட்டத்துக்குத் தேர்வாகியிருக்கிறாள். கல்லூரிக்குப் போகாமல் பதினெட்டு வயதில் வேலைக்கு அனுப்புவதா என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். எனக்கும் மனம் இரண்டாக இருக்கிறது.
– ஒரு தாய், கோவில்பட்டி

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. முதலில் விஷயத்தைப் பார்ப்போம். எச்.சி.எல். நிறுவனம் 2017-ல் தொடங்கிய திட்டம் இது. பிளஸ் டூவில் கணிதமோ வணிகக் கணிதமோ படித்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு அளவுக்குப் பயிற்சி தந்து, அதை முடித்தவர்களை அந்த நிறுவனமே வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. வேலையில் இருந்துகொண்டே பிட்ஸ் பிலானி, தஞ்சாவூர் சாஸ்திரா போன்ற பல்கலைக்கழகங்களின் பட்டப் படிப்பில் சேரவும் ஏற்பாடு உண்டு. ஆகவே கல்லூரிக்கே போகாத பெண் என்று ஆகிவிடாது. கல்லூரிக்குப் போகும் வழி மாறுகிறது. பயிற்சிக்குக் கட்டணம் உண்டு என்பதையும், அதற்கு வங்கிக் கடன் வழியாக ஏற்பாடு செய்து, வேலையில் சேர்ந்த பிறகு தவணையாகச் செலுத்த முடியும் என்பதையும் மறக்காதீர்கள். தொகையும் சலுகைகளும் மாறக்கூடியவை என்பதால் இந்த ஆண்டு உங்கள் கைக்கு வந்திருக்கும் கடிதத்தில் உள்ளதையே நம்புங்கள்.

இதே வயதுக்காரர்களுக்கு ஸோஹோ நிறுவனம் நடத்தும் பள்ளிகளும் இருக்கின்றன. 2005-ல் ஆறு மாணவர்களோடு தொடங்கியது. கட்டணம் கிடையாது, மாறாகப் படிக்கும் காலத்திலேயே மாத உதவித்தொகை தருகிறார்கள், தென்காசியிலும் நடக்கிறது என்பதால் உங்கள் ஊருக்குப் பக்கம். ஆனால் அங்கே பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்காது. பட்டம் இல்லாமல் அந்த நிறுவனத்துக்குள் உயர்ந்தவர்கள் பலர் உண்டு என்றாலும், வெளியே வந்து வேறு இடத்தில் வேலை தேடும்போதோ, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 போன்ற தேர்வு எழுத நினைக்கும்போதோ, பட்டம் கேட்பார்கள்.

இப்போது என் கருத்து. குடும்பத்துக்கு வருமானம் விரைவில் தேவை, மகளுக்கும் கணினியில் உண்மையான ஈடுபாடு இருக்கிறது என்றால் அனுப்புங்கள். அவளுக்கு இன்னும் எது பிடிக்கும் என்றே தெரியவில்லை, மதிப்பெண் வந்ததால் தேர்வு எழுதினாள் என்றால், மூன்றாண்டு கல்லூரி வாழ்க்கை தரும் அவகாசத்தைப் பதினெட்டு வயதுப் பெண்ணிடமிருந்து பறிக்க வேண்டாம். பயிற்சிக் காலத்தில் எங்கே தங்குவாள், இரவுப் பணி உண்டா, பட்டப் படிப்பை நடுவில் விட நேர்ந்தால் என்ன ஆகும் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு முடிவு செய்யுங்கள். மிக முக்கியமாக, இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மகள் என்ன நினைக்கிறாள் என்று இதில் ஒரு வரியும் இல்லை.

கேள்வி: பி.சி.ஏ. முடித்த எனக்கு, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்கும் வாய்ப்பு ஒரு நிறுவனத்தில் கிடைத்திருக்கிறது. ஆனால் ஐந்தாண்டு வேலையை விடமாட்டேன் என்று எழுதித் தரும் பாண்டு கேட்கிறார்கள். நண்பன் சேர்ந்த இன்னொரு சிறு நிறுவனத்தில் பாண்டோடு மூலச் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். இந்தப் பாண்டெல்லாம் சட்டப்படி செல்லாது என்கிறார்களே?
– ஒரு பட்டதாரி, தர்மபுரி

பதில்: "செல்லாது" என்று டீக்கடையில் சொல்வதை நம்பிக் கையெழுத்திடாதீர்கள். பணிக்காலத்துக்குள் கட்டுப்படுத்தும் நிபந்தனையும், பணியை விட்ட பிறகு வேறெங்கும் சேரக்கூடாது என்ற நிபந்தனையும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி தொடர்பான வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வேளையில், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை என்பது உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றம் பார்க்கும். உங்களுக்கு உண்மையில் பயிற்சி தந்தார்களா, செலவு செய்தார்களா என்பது அங்கே எடுபடும்.

உங்களுக்குக் கிடைத்திருக்கும் வகைத் திட்டத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. விப்ரோ நிறுவனம் 1995-லேயே பிட்ஸ் பிலானியோடு சேர்ந்து, பி.எஸ்சி., பி.சி.ஏ. பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து முதுநிலைப் படிப்பும் படிக்க வைத்தது. படிப்புச் செலவை நிறுவனம் ஏற்கும்போது சில ஆண்டுகள் இருக்கச் சொல்வதில் தவறில்லை. ஐந்தாண்டு என்பது நீளம்தான், ஆனால் கையில் எம்.டெக்.கும் ஐந்தாண்டு அனுபவமும் கடனில்லாமல் கிடைக்கும் என்று கணக்குப் போட்டால், தர்மபுரியிலிருந்து கிளம்பும் ஒரு பி.சி.ஏ. பட்டதாரிக்கு அது மோசமான பேரமல்ல. பாண்டுத் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறையுமா, நான்காம் ஆண்டில் விலகினாலும் முழுத் தொகையா என்ற ஒரு வரியை மட்டும் தேடிப் படியுங்கள்.

நண்பரின் கதை வேறு. மூலச் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால், என்னென்ன கொடுத்தேன் என்று பட்டியலிட்டு மின்னஞ்சல் ஒன்றை இன்றே அனுப்பச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஆலோசனை கேட்கலாம்.

கேள்வி: கல்லூரியில் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்றார்கள். இணையத்தில் 3,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். கட்டிய நான்காம் நாளே, இரண்டு மாதம் பணியாற்றியதாகச் சான்றிதழ் வந்துவிட்டது. இதை பயோடேட்டாவில் போடலாமா?
– ஒரு பொறியியல் மாணவர், நாமக்கல்

பதில்: கூடாது. நான்கு நாளில் இரண்டு மாத அனுபவம் பெற்றது எப்படி என்று நேர்காணலில் ஒருவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. கேட்காவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் வேலை பார்த்து அவர்கள் பணம் தந்தால் அது வேலை. நீங்கள் வேலை பார்த்து யாரும் யாருக்கும் பணம் தராவிட்டால்கூட இன்டர்ன்ஷிப் என்று ஒப்புக்கொள்ளலாம். நீங்கள் பணமும் தந்து வேலையும் பார்க்காமல் இருந்தால் அது கடையில் வாங்கிய காகிதம்.

இந்தக் கடிதம் வந்ததில் ஒரு நன்மை. பலரும் மறந்துவிட்ட ஒன்றைச் சொல்ல இடம் கிடைத்தது. தொழிற்பழகுநர் (அப்ரெண்டிஸ்) சட்டம் என்று 1961-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. முதலில் ஐ.டி.ஐ. வகைத் தொழில்களுக்காக வந்தது; 1973-ல் திருத்தப்பட்டு, பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் அதற்குள் வந்தார்கள். இதன் கீழ் நடக்கும் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் ஓராண்டு ஒரு நிறுவனத்தில் அப்ரெண்டிஸாக இருக்கலாம். 2019-ல் திருத்திய விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாயும் பட்டயதாரிக்கு 8,000 ரூபாயும் தர வேண்டும் என்றன. அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரிய அலுவலகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. தொழிற்சாலைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் இதை நன்றாகப் பயன்படுத்துகின்றன. கணினித் துறையிலும் இடம் உண்டு, ஆனால் நம் கல்லூரிகள் இதை மாணவர்களிடம் எடுத்துச் சொல்வதே இல்லை. பிளேஸ்மென்ட் எண்ணிக்கையில் அப்ரெண்டிஸைக் காட்டினால் சம்பளம் குறைவாகத் தெரியும் என்பது காரணமாக இருக்குமோ என்று எனக்கொரு சந்தேகம்.

கேள்வி: ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்தவர்களுக்கு டிஜிட்டல் வேலை கிடையாதா? எல்லோரும் கோடிங் கோடிங் என்றே பேசுகிறார்கள்.
– ஒரு தொழிலாளி, கோயம்புத்தூர்

பதில்: கோயம்புத்தூரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் வியப்பு. 1926-ல் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் எழுந்து, பம்பும் மோட்டாரும் செய்யும் பட்டறைகளின் சத்தத்துக்கு நடுவே 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்த ஊர் உங்களுடையது. அங்கே சாண்ட்விச் படிப்பு என்று ஒன்று உண்டு. பாதி நாள் வகுப்பும் மீதி நாள் தொழிற்கூடமுமாக, வழக்கமான நான்காண்டுக்குப் பதில் ஐந்தாண்டு படிக்கும் பொறியியல் பட்டம். கல்வி–தொழில் கூட்டு முயற்சி என்று இன்று கருத்தரங்கு நடத்திப் பேசுவதை, அந்தப் பெயர் வைக்காமலேயே செய்துகொண்டிருந்த ஊர்.

இன்று பட்டறையின் லேத் கணினியின் சொல் கேட்டுத்தான் ஓடுகிறது. இயந்திரத்தின் அதிர்வை உணரும் சென்சார் பொருத்துவது, ரோபோ கையை நிரல் வழி நகர்த்துவது, வடிவத்தைத் திரையில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுப்பது எல்லாமே டிஜிட்டல் வேலைதான். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, சுமார் 2,877 கோடி ரூபாய்ச் செலவில் தொழில் 4.0 எனப்படும் கணினிவழி உற்பத்தி முறையைக் கற்பிக்கும் மையங்களாக மாற்றும் திட்டம் இதற்காகத்தான் வந்தது. சென்னையில் சீமென்ஸ் நிறுவனத்தோடு டான்சாம் என்ற மையத்தையும், டசால்ட் சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு டான்கேம் என்ற மையத்தையும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ அமைத்தது; 2022-ல் அவற்றைத் திறந்தார்கள்.

இந்தக் கூட்டு முயற்சிகளில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை உண்டு, ஏனென்றால் இங்கே ஏமாற்றுவது கடினம். மென்பொருள் வகுப்பில் தூங்கிக்கொண்டே சான்றிதழ் வாங்கலாம், கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் நிரல் தப்பானால் கருவி முனை முறிந்து சத்தம் கேட்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஒன்று: இயந்திரம் வாங்குவதற்குக் கிடைக்கும் பணம் அதைப் பராமரிக்கவும், கற்பிக்கும் ஆசிரியருக்கு ஆண்டுதோறும் பயிற்சி தரவும் கிடைக்க வேண்டும். உங்கள் பிள்ளையைச் சேர்க்கும் ஐ.டி.ஐ.யில், இயந்திரம் பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருகிறார் என்று பயிற்றுநரிடம் விசாரியுங்கள்.

கேள்வி: சிற்றூர்க் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் கணினித் துறைத் தலைவராக இருக்கிறேன். மாணவர்களில் பெரும்பாலோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். பெரிய நிறுவனங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எங்களால் என்ன செய்ய முடியும்?
– ஒரு பேராசிரியர், திருவாரூர் மாவட்டம்

பதில்: வந்த கடிதங்களில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான், ஐயா. பெரிய நிறுவனங்களைத் துரத்துவதை ஓராண்டு நிறுத்தி வையுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். அவர்கள் ஆயிரம் பேரை ஒரே நாளில் தேர்வு செய்யும் இடத்துக்குத்தான் போவார்கள். ஐந்து பேர், பத்து பேர் தேவைப்படும் சிறு மென்பொருள் நிறுவனங்கள் இப்போது சென்னைக்கு வெளியேயும் வருகின்றன. விழுப்புரத்தில் 2024 பிப்ரவரியிலும், தஞ்சாவூரிலும் சேலத்திலும் அதே ஆண்டு செப்டம்பரிலும் மினி டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. தஞ்சாவூர் உங்களுக்குப் பேருந்துத் தொலைவு. அங்கே ஒரு நாள் போய், அறை அறையாகக் கதவைத் தட்டுங்கள். ஒப்பந்தம் வேண்டாம், மாதம் ஒரு சனிக்கிழமை உங்கள் பொறியாளர் ஒருவரை அனுப்புங்கள் என்று மட்டும் கேளுங்கள். கையெழுத்துக் கேட்டால் தலைமை அலுவலகம், சட்டப் பிரிவு என்று ஆறு மாதம் ஆகும்; ஒரு சனிக்கிழமை கேட்டால் அவர்களே முடிவெடுத்துவிடலாம்.

இரண்டாவது, உங்கள் பழைய மாணவர்கள். பத்தாண்டுக்கு முன் உங்களிடம் படித்து இப்போது சென்னையிலோ பெங்களூரிலோ சோதனைப் பொறியாளராக இருக்கும் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்கு வருவார். அவரைப் பாராட்டு விழாவில் சால்வை போட்டு உட்கார வைத்து அனுப்பாமல், மாணவர் செய்த புராஜெக்ட் ஒன்றை அவர் முன் திறந்து வையுங்கள். எந்தத் தெருவிலிருந்து போய் அந்த வேலையில் உட்கார்ந்தார் என்பது உங்கள் மாணவர்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வரும் பயிற்றுநரால் அந்தத் துணிவைத் தர முடியாது.

மூன்றாவது ஆசிரியர்கள். 2009-ல் அரசும் தொழில் துறையும் சேர்ந்து தமிழ்நாட்டில் தொடங்கிய ஐ.சி.டி. அகாடமி ஆசிரியர் பயிற்சியைத் தன் முக்கியப் பணியாகக் கொண்டது. மாணவருக்குத் தரும் பயிற்சி அந்த ஒரு குழுவோடு போய்விடும், ஆசிரியர் கற்றது அவர் ஓய்வு பெறும் வரை வகுப்புக்கு வரும் என்பதால், ஆண்டுக்கு இருவரையாவது அனுப்ப நிர்வாகத்திடம் போராடுங்கள். வெளியிலிருந்து வல்லுநரை அழைக்கவும் இப்போது வழி திறந்திருக்கிறது. பதினைந்து ஆண்டு துறை அனுபவம் உள்ளவரை, முனைவர் பட்டம் இல்லாவிட்டாலும், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து சதவீதம் வரை பேராசிரியராக அமர்த்திக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் நெறிமுறை வெளியிட்டது. ஓய்வுபெற்று டெல்டாவில் சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கும் கணினித் துறைக்காரர்கள் உங்கள் மாவட்டத்திலேயே இருப்பார்கள். அவர்களில் சிலருக்கு மதிப்பூதியத்தைவிட மாலையில் பேச ஆள் கிடைப்பதே பெரிதாக இருக்கும்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் தனியாக வருந்தியிருக்கிறீர்கள். மாணவர் தன் புராஜெக்டைத் தமிழில் தெளிவாக விளக்கட்டும், அதையே பிறகு ஆங்கிலத்தில் சொல்லட்டும். என் அனுபவத்தில் ஆங்கிலம் வரவில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களில் பலருக்கு, சொல்ல வேண்டிய விஷயமே தெளிவாகியிருக்கவில்லை. தெளிந்த பிறகு மொழி தட்டுத் தடுமாறியாவது வந்துவிட்டது.

கேள்வி: தரவு அறிவியல் சான்றிதழ்ப் படிப்புக்கு ஒரு தனியார் நிறுவனம் 2 லட்சம் கேட்கிறது. வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதமாம். கட்டலாமா?
– ஒரு பி.காம். பட்டதாரி, புதுச்சேரி

பதில்: உத்தரவாதம் என்ற சொல்லை ஒப்பந்தத்தில் காட்டச் சொல்லுங்கள். "வேலைக்கு உதவி" என்று மாறியிருக்கும். அதற்கு முன், ஐ.ஐ.டி. சென்னை 2021 முதல் நடத்திவரும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பைப் பாருங்கள். ஜே.இ.இ. தேவையில்லை, எந்தப் பாடப்பிரிவில் பிளஸ் டூ முடித்திருந்தாலும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பாடங்கள் இணையத்தில், தேர்வுகள் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டியவை. பாதியில் நிறுத்தினாலும் எந்தக் கட்டம் வரை முடித்தீர்களோ அதற்கான சான்றிதழோ பட்டயமோ கையில் இருக்கும். அதற்கும் தயக்கமாக இருந்தால், ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடம் ஒன்றை இலவசமாகப் படித்துப் பாருங்கள்; பன்னிரண்டு வாரப் பாடத்தில் ஐந்தாம் வாரப் பயிற்சியைத் தாண்டினால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள், அப்போது 2 லட்சத்தைப் பற்றிப் பேசலாம்.